காலி நாற்காலி இன்ஜினீயர்

என் வீட்டு நிதி மந்திரிக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

எங்கள் இன்டர்நெட் கம்பெனிப் பங்கு ஏறுகிறது, பாப்பா நகையை விற்று வாங்கலாம் என்று உன் தம்பி குதிக்கிறானாமே. ஒரு கூத்தைக் கேள். வியாபாரம் படுத்து, இங்கே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போன வாரம் பணம் போடுகிறவர்கள் பார்வையிட வந்தார்கள். டீ போட்டுக்கொண்டிருந்த என்னை மேனேஜர் பிடித்து, "அண்ணே, சட்டைய மாத்திட்டு அந்தக் காலி சீட்ல உக்காருங்க" என்றார். அன்றைக்கு வாட்ச்மேனும் இன்ஜினீயர்தான். வந்தவர்களில் ஒருவர் என் தோளைத் தட்டி, "கம்பெனி எப்படிப் போகுது?" என்றார். "சூப்பரா போகுது சார்!" என்றேன். மறுநாள் பங்கு ஏறியது. உன் தம்பி பார்த்தது அந்த ஏற்றத்தைத்தான்.

எனக்குப் பாதிச் சம்பளம் பங்காகத்தான் வருகிறது. இரண்டு வருஷம் விற்க முடியாது. நடுவில் வேலையை விட்டால் அத்தனையும் போச்சு. நான் மாட்டியது போதும், நகையும் மாட்ட வேண்டாம்.

அடுத்த மாதமும் வருகிறார்களாம். என் நீல முழுக்கைச் சட்டையை அனுப்பு. இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தைத்துவிடு. நான் இளைக்கவில்லை, சட்டைதான் பெரிதாகிவிட்டது.

பால் பொங்குகிறது, ஓடுகிறேன்.

உன் ஒருநாள் இன்ஜினீயர்