வண்டிக்குப் பெயர் தேடிய மாதம்

மார்ச் 4, செவ்வாய்

குழாய் சரி செய்கிறவர் வந்து போனார். சொட்டுச் சத்தம் நின்றது. கணக்கில் எழுதிவிட்டேன்.

காலையில் மருமகள் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஆகா, ஜபம் செய்கிறாள் என்று பூரித்துப்போனேன். கிட்டே போனால் காரின் பெயர்கள்! அவள் கம்பெனி பெரும் பணக்காரர்களுக்குக் கார் செய்கிறது. புது வண்டிக்கு ஒரு பெயரை நினைத்தால், அது உலகத்தில் வேறு யாருக்காவது சொந்தமா என்று தேடிப் பார்த்து, இல்லையென்றால் தங்கள் பெயரில் பதிந்துகொள்வது இவள் பிரிவின் வேலை. வக்கீலுக்குப் படித்த பெண்ணுக்குத் தொட்டில் போடாமலே பெயர் வைக்கும் வேலை.

வரப்போகும் பெரிய வண்டிக்கு இதுவரை மூன்று பெயர் பார்த்தார்கள். மூன்றும் விழுந்தன. ஒன்று படகு எஞ்சின் செய்கிறவர்களுடையது. இன்னொன்று ஏதோ ஒரு பாஷையில் மூல வியாதியாம். மூன்றாவதை ஒருவர் முன்பே பதிந்து வைத்துக்கொண்டு, கேட்டால் யானை விலை குதிரை விலை சொல்கிறார்.

இவர் சும்மா இருப்பாரா? "அந்த ரெண்டாவது பேரையே வைம்மா. வாங்குறவன் உட்காரவே மாட்டான், சீட்டு தேயாது" என்றார். மருமகள் சிரித்துப் புரையேறி, தண்ணீர் நான்தான் கொடுத்தேன். மாமனார் என்ற மரியாதையை இந்த மனிதர் ஒருநாளும் சம்பாதிக்கப் போவதில்லை.

மார்ச் 6, வியாழன்

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் பொட்டலக் காகிதமும் அடுத்தவரைக் கேட்பதும்தான். இன்று மருமகளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன்.

பெயருக்கு வகுப்பு உண்டாம். வண்டிக்கு ஒரு வகுப்பு, சோப்புக்கு ஒரு வகுப்பு. வகுப்பு வேறானால் ஒரே பெயர் இரண்டு பேரிடம் இருக்கலாம். பெயர் ரொம்பப் பிரபலமானால் மட்டும் எந்த வகுப்புக்காரரும் கிட்டே போக முடியாது. பதிந்த பெயரைப் பல வருஷம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் கைவிட்டுப் போய்விடுமாம். நியாயம்தான். கூப்பிடாத பெயர் என்ன பெயர்?

'சுகம்' என்று வையேன் என்றேன். "சுகமான வண்டின்னு எல்லாரும்தானே சொல்வாங்க அத்தை. எல்லாருக்கும் வேண்டிய வார்த்தைய ஒருத்தர் மட்டும் பூட்டி வெச்சுக்க விடமாட்டாங்க" என்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு கம்பெனி காற்றுகளின் பெயர்களை வைக்குமாம். இன்னொன்று சண்டைக் காளைகளின் பெயர்கள். வேறொன்று பேய், ஆவி என்றே வைத்திருக்கிறதாம், அதற்குத்தான் விலை அதிகமாம்! நமக்கு வீட்டில் பேய் இருக்கிறது என்றால் வாடகையைக் குறைப்பார்கள்.

தினமும் காலையில் ஆயிரம் நாமம் சொல்லி ஆண்டவனைக் கூப்பிடுகிறேன். ஒன்றுக்குக்கூட யாரும் வந்து உரிமை கேட்டதில்லை. அவன் பெருந்தன்மை.

மார்ச் 9, ஞாயிறு

மகன் சொன்னான். சுற்றிவளைத்துத்தான் சொன்னான்.

கம்பெனி ஒரு பெரிய வெளி நிறுவனத்தையும் இதே வேலைக்கு வைத்துப் பார்க்கிறதாம். இந்த மாதத்துக்குள் இவர்கள் பிரிவு நல்ல பெயரொன்றைத் தேடித் தராவிட்டால் பிரிவையே மூடிவிட்டு, வேலை முழுவதையும் அந்த நிறுவனத்திடம் கொடுப்பார்கள். மருமகளைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றுவார்கள். அது விமானத்தில் போகிற தூரம்.

"அவ போனா நானும் போகணும்லம்மா" என்றான்.

போகத்தானே வேண்டும்? கட்டினவளோடு இருக்கத்தான் வேண்டும். நான் வேறு என்ன சொல்ல முடியும்? "போய்ட்டு வாங்க" என்றேன். இன்னும் கிளம்பவே இல்லை அவர்கள். நான் அதற்குள் வழியனுப்பிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

பிரார்த்தனை. கணக்கு. வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கிடைத்துவிட்டது! ஆண்டவன் கண் திறந்தான்.

மருமகள் கேக் பெட்டியோடு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் "கிடைச்சிருச்சு அத்தை" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். பெயர் 'இவானோ'. எந்த நாட்டுப் பதிவிலும் இல்லை, எந்த பாஷையிலும் கெட்ட அர்த்தம் இல்லை. இவர்கள் பிரிவுத் தலைவரே கை கொடுத்தாராம். அடுத்த வாரம் தலைமை அலுவலகம் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

வீடே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. மருமகள் வாயைத் திறந்தால் இவானோ. பல நாளாகத் தேடிய இவானோவை ஒருவழியாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மகனுக்கும் ரொம்பச் சந்தோஷம். ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

மார்ச் 15, சனி

எழுதவே கை கூசுகிறது.

அந்தப் பெயரை இங்கிலீஷில் அழகாக அச்சடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள், வண்டியின் பின்பக்கம் வரப்போகிற மாதிரியே. இவர் காலையில் தண்ணீர் எடுக்கப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"எவனோ."

"எவன்?" என்றேன்.

"அதான் எனக்கும் தெரியல. எவனோ."

போய்ப் பார்த்தேன். முதல் எழுத்தை அவர்கள் ஆபீசில் 'இ' என்கிறார்கள். நம் வாய்க்கு அது 'எ'. நடுவில் அவர்கள் இழுப்பதை நாம் இழுப்பதில்லை. எவனோதான். வேறு எப்படிப் படித்தாலும் எவனோதான்.

நேற்று எழுதியதை எடுத்து, அந்தப் பெயரை நம் வாயால் படித்துப் பார்த்தேன். 'மருமகள் வாயைத் திறந்தால் எவனோ. பல நாளாகத் தேடிய எவனோவை ஒருவழியாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மகனுக்கும் ரொம்பச் சந்தோஷம்.' ஆண்டவா! இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் குடும்ப மானம் என்ன ஆவது?

மார்ச் 16, ஞாயிறு

மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் மாநாடு நடத்தினோம்.

சொன்னால் பெயர் விழும். மாதம் முடிய இன்னும் எத்தனை நாள்? பிரிவு மூடப்படும், அவர்கள் போவார்கள். சொல்லாவிட்டால் எல்லாம் நல்லபடி நடக்கும். ஆனால் வண்டி தெருவுக்கு வந்த அன்று ஊர் சிரிக்கும். 'யார் கார் இது?' 'எவனோ.' 'என்ன கார் வாங்கினாய்?' 'எவனோ.'

மகன் சொல்ல வேண்டாம் என்கிறான். "தமிழ் பேசுறவன் எவன்மா அவ்வளவு விலை குடுத்து இந்தக் காரை வாங்கப் போறான்?"

"எவனோ" என்றார் இவர்.

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அழுகை வந்தது. ஏன்டி, நீ யாருக்காக வாய மூடிக்கிட்டு இருக்கே? அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்னா, இல்ல அது உன் பக்கத்துலயே இருக்கணும்னா? சாமி முன்னால் நின்று என்னையே இப்படித்தான் கேட்டேன். சாமிக்குப் பதில் தெரியும். எனக்கும் தெரியும்.

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் காய்ந்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். அவள் அந்தப் பக்கம் இரண்டு முனை, நான் இந்தப் பக்கம் இரண்டு முனை.

"வண்டி வாசல்ல நிக்குது. பக்கத்து வீட்டுக்காரங்க யாரு வந்திருக்கான்னு கேக்குறாங்க. வண்டி பேரைச் சொல்லு பார்ப்போம்" என்றேன்.

"இவானோ வந்திருக்கு."

"ஆபீஸ் வாயால இல்லம்மா. நம்ம வாயால. எழுத்தைக் கூட்டி."

"எவ..." என்றாள். விரிப்பு அவள் கையிலிருந்து நழுவியது.

கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அப்படிச் சிரித்தாள். இவரும் வாசற்படியில் வந்து நின்று சிரித்தார். அப்புறம் அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அத்தை, தமிழ்ல ஒரு குறையும் இல்லன்னு கையெழுத்துப் போட்டதே நான்தான். ஆபீஸ்ல தமிழ் தெரிஞ்சவ நான் ஒருத்திதானே. ஒரு தடவைகூட நம்ம வாயால சொல்லிப் பார்க்கல."

எனக்கு அது புது விஷயம்.

"நீங்க எப்போ பார்த்தீங்க?"

"சனிக்கிழமை."

"அப்புறம் ஏன் சொல்லல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "சொன்னா நீ போயிடுவியேன்னுதான்."

அவள் குனிந்து விரிப்பின் முனைகளை எடுத்தாள். "நல்லா இழுத்துப் பிடிங்க அத்தை, சுருக்கம் விழுது" என்றாள். இழுத்துப் பிடித்தேன்.

நாளைக்குப் பிரிவுத் தலைவரிடம் அவளே போய்ச் சொல்லப்போகிறாள். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டான். பசி மட்டும் குறையவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

பகல் முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை. உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். இவர், "உப்புக்கும் ரெண்டு வகுப்புல பதிவு பண்ணிட்டியா?" என்றார்.

மருமகள் ஆறு மணிக்கு வந்தாள். தலைவருக்கு முதலில் புரியவே இல்லையாம். 'உங்கள் வாசலில் எவனோ' என்று நீங்கள் விளம்பரம் செய்தால், எங்கள் ஆட்களுக்கு 'வாசலில் யாரோ திருடன் நிற்கிறான்' என்று கேட்கும் என்று விளக்கியிருக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. 'நீதானே சரி என்று எழுதினாய்?' என்றாராம். 'ஆமாம் சார், தப்பு என்னுதுதான்' என்றாளாம். தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டார்கள். இனி அவர்கள் பாடு.

வீட்டில் புதுப் பெயர் தேடும் படலம் நடந்தது. இவர், "பெண்ணா மாத்திடு, எவளோ" என்றார். மகன் பெயரே வேண்டாம், எண் போதும், எட்டு என்று வை என்றான். "எட்டுன்னு வெச்சா யாருக்கும் எட்டாதுடா" என்றேன். என் வாயிலிருந்தா வந்தது அது! இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின தோஷம்.

மார்ச் 20, வியாழன்

முடிவு வந்துவிட்டது. ஒழுங்காக எழுத வேண்டும், அவசரப்படக் கூடாது.

தலைமை அலுவலகத்தில் அந்த வெளி நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துப் புரட்டியிருக்கிறார்கள். தலையணை மாதிரி தடிமனாம். இதே பெயரை அவர்களும் சோதித்திருக்கிறார்கள். தமிழுக்கென்று ஒரு பக்கம். அதில் 'இனிய ஒலி, பொருள் ஏதுமில்லை' என்று இருந்ததாம்! தவறு இரண்டு இடத்திலும் நடந்திருக்கிறது. ஆனால் தன் தவறைத் தானே எடுத்து வந்து கொடுத்தது ஒரே இடத்திலிருந்துதான். அதனால் வேலையைக் கைமாற்றும் பேச்சைக் கைவிட்டார்கள். பிரிவு இங்கேயே இருக்கும்.

வண்டி மற்ற நாடுகளில் அதே பெயரில் போகுமாம். தமிழ் புழங்கும் இடங்களில் மட்டும் வெறும் எழுத்தும் எண்ணும். எட்டு இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன். இனிமேல் எந்தப் பெயரானாலும் அந்தந்த பாஷை பேசுகிற வீட்டு ஆட்கள் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்த பிறகுதான் பதிவுக்குப் போக வேண்டும் என்று மருமகள் எழுதிக்கொடுத்த யோசனையையும் ஏற்றுக்கொண்டார்கள்.

மகன் காலையில் என்னைக் கேட்காமலே பால் வாங்கி வந்தான். அது அவன் மன்னிப்பு. வரவு வைத்துக்கொண்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

கோயில் படியேறி வேண்டுதல் நிறைவேற்றினேன். முட்டி வலி. பரவாயில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகனும் மருமகளும் இருக்கும் அறைக்கு வர்ணம் பூச ஆட்கள் வந்தார்கள். போன மாதமே பூச வேண்டியது. இருப்பார்களோ போவார்களோ என்று தெரியாமல் எந்தச் சுவருக்கு எந்த வர்ணத்தைத் தேர்ந்தெடுப்பது?

மருமகள் இளம்பச்சையில் ஒன்றை எடுத்தாள். டப்பாவில் அந்தப் பச்சைக்கும் ஒரு பெயர் போட்டிருந்தது. அவளால் சும்மா இருக்க முடியுமா? டப்பாவைத் திருப்பித் திருப்பி, பெயர் பக்கத்தில் பதிவு முத்திரை இருக்கிறதா என்று தேடினாள். அப்புறம் அதை என்னிடம் நீட்டி, "நம்ம வாயால ஒரு தடவை படிங்க அத்தை" என்றாள். படித்தேன். குற்றமில்லை. பூசச் சொன்னோம்.

சுவர் காய இரண்டு நாள் ஆகுமாம். அதுவரை அவர்கள் கட்டில், பீரோ, துணி மூட்டை எல்லாம் ஹாலில். நான்கு பேரும் அங்கேதான் படுக்க வேண்டும். கால் நீட்டினால் ஒருவர் மேல் ஒருவர் இடிக்கிறது. இவர் குறட்டை வேறு.

இடமே இல்லை இந்த வீட்டில்.