ஏரம்புவின் மாட்டுக்கு லாடம் அடித்த நாள்

உ
சிவமயம்

உரும்பிராய்
17.9.79

அன்பு மகன் தம்பிராசாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் பாலேஸ்வரியும் என் பேரப்பிள்ளைகள் இரண்டும் சாம்பியாவில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டுமென்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு தொடங்குகிறேன். நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று இதுவரை எல்லாக் கடிதத்திலும் எழுதினேன், இதில் அதை எழுதமாட்டேன். வைகாசியில் உன் ஐயா கிணற்றடியில் விழுந்ததைக் கொஞ்சம் வருத்தம் என்று எழுதியிருந்தேன், அது கொஞ்சம் இல்லை, பாரிசவாதம். வலப்பக்கம் கையும் காலும் இழுத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நீ சோதனைத்தாள் திருத்துகிற காலம், அறிந்தால் சாப்பிடமாட்டாய் என்று மறைத்தேன். பிழைதான், ஆனால் மறைக்கிறதில் நான் மட்டும் கெட்டிக்காரி இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது, அதற்குப் பிறகு வருகிறேன்.

உன் ஐயாவின் உடம்பு உனக்குத் தெரியும், புகையிலைக் கட்டு இரண்டை ஒரே தோளில் தூக்கின மனுசன். என்னால் ஒரு பக்கம் திருப்பவே முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அடுத்தநாள் காலமை நான் அவரை இருத்திப் பார்த்துவிட்டு முடியாமல் நிற்கிறேன், வேலியில் ஆள் நுழைகிற பொட்டால் உன் சின்னையா ஏரம்பு வந்தான். ஒருவரையும் கேட்கவில்லை, தமையனைக் குழந்தைப்பிள்ளை போலத் தூக்கிக் கதிரையில் வைத்துக் கழுவித் துடைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு மேலாக ஒருநாளும் தவறவில்லை. நாங்கள் இரண்டுபேரும் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை, உன் ஐயாவோடுதான் கதைத்தோம். அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டு, "அண்ணை, சுடுதண்ணி ஆறுது, இன்னொரு செம்பு கொண்டுவரச் சொல்லு" என்பான். நான் நிலையோடு நின்று, "இஞ்சருங்கோ, வாளி காலடியிலை கிடக்கு, கண் தெரியுதில்லையோ எண்டு கேளுங்கோ" என்பேன். வாயில்லாத மனுசன் நடுவில் இருந்து என்னையும் அவனையும் மாறிமாறிப் பார்ப்பார். ஒருநாள் அவன், "அண்ணை, உன்ரை மனிசியின்ரை ரசத்திலை உப்பில்லை எண்டு சொல்லவும் உனக்கு வாயில்லாமல் போச்சுது, குடுத்துவைச்ச மனிசி" என்றான். உன் ஐயாவின் இடப்பக்கத்து வாய் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டேன், இதை ஒருவருக்கும் சொல்லாதே.

இருபத்து மூன்று வருசம் நான் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்காத காரியம் ஊருக்கே தெரியும். ஊர் மறந்தாலும் எனக்கு மணித்தியாலம் மணித்தியாலமாக ஞாபகம். ஐம்பத்தாறாம் ஆண்டு ஆனி மாதம் வியாழக்கிழமை. உன் தங்கச்சி அருந்ததிக்கு நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபாய்ட், ஒன்பதாம் நாள், வயது ஏழு. உன் ஐயா வன்னிக்கு நெல் ஏற்றப் போயிருந்தார். காலமை பத்து மணிபோல் பிள்ளை இரத்தமாய்ப் போகத் தொடங்கினாள், ஒழுங்கையில் வண்டில் மாடு இருந்தது ஏரம்புவிடம்தான், அவன் அன்று மாட்டோடு சந்தைப்பக்கம் போயிருந்தான், உன்னை ஓடிப்போய்க் கூட்டிவரச் சொன்னேன். நீ திரும்பி வந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. மாட்டுக்கு லாடம் அடிக்கிறாராம், முடித்துக்கொண்டு வாறாராம் என்றாய். ஒன்றேகாலுக்குப் பிள்ளை போய்விட்டாள். அவன் வண்டிலோடு படலையில் வந்து நின்றபோது நான் பாயில் கிடந்த பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். என் பிள்ளை சாகக்கிடக்க மாட்டுக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என் வளவில் கால்வைக்கக் கூடாது என்றேன். அவன் வண்டிலைத் திருப்பினான். உன்னை ஒருதரம் பார்த்தான், போய்விட்டான். அந்தப் பார்வையை நான் கண்டேன், ஆனால் அது என்ன பார்வை என்று இப்போதுதான் விளங்குகிறது. உன் ஐயா மட்டும் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வேலிப் பொட்டால் போய்த் தம்பியோடு வெற்றிலை போட்டுவிட்டு வருவார், நானும் தெரியாத மாதிரி இருந்தேன்.

இனி உன் எழுத்துக்கு வருகிறேன். நீ படித்த பள்ளிக்கூடத்து ஆண்டுமலரில் அறமும் குடும்பப் பொறுப்பும் என்று நீ எழுதியதைக் கிறிஸ்துநாயகம் வாத்தியார் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். உன்னை அ எழுதப் பழக்கின மனுசன், புரபெசர் எழுதியிருக்கிறான் பார் பிள்ளை என்று அவருக்குப் பெருமை. முதல் பாதியில், ஒரு ஊரில் ஒரு தாய், தன் மகளின் சாவுக்கு ஒரு உறவினரைக் குற்றவாளியாக்கிப் பகையை எண்ணெய் வார்த்து வளர்த்தாள், துக்கம் பொறுப்பை ஒருவர் தலையில் வைத்துவிட்டு ஆறப்பார்க்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தாய். வாத்தியார் கண் நோகுது, மிச்சம் நாளைக்கு என்று எழுந்து போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏரம்புதான் உனக்குக் குறை எழுதிப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன், வேறு யார் எழுதுவார்கள். அடுத்தநாள் காலமை அவன் உன் ஐயாவுக்குச் சவரம் செய்துகொண்டிருக்கையில், "இஞ்சருங்கோ, என்னைப் புத்தகத்திலை போடுவிச்ச ஆக்கள் இனி என்ரை வாசல்படி மிதிக்கத் தேவையில்லை, என்ரை பிள்ளை வந்து பாப்பான் எண்டு சொல்லுங்கோ" என்றேன். அவன் சவரத்தைப் பாதியில் விடவில்லை. மற்றக் கன்னத்தையும் வழித்து, துடைத்து, துவாயை அலம்பிக் கொடியில் போட்டுவிட்டு, "அண்ணை, அப்ப நான் வாறன்" என்று போனான்.

அன்று பின்னேரம் வாத்தியார் வந்து மிச்சத்தை வாசித்தார். அந்த உறவினர் மாட்டின் தலையை அமுக்கிப் பிடித்தபடி, "இப்ப வண்டில் பூட்ட ஏலாது, மாட்டை லாடத்துக்குக் கட்டி விழுத்திப்போட்டம். நீ ஓடிப்போய்ச் சந்தியிலை கார் பிடிக்கச் சொல்லு கொம்மாவிட்டை, கெதியாய்" என்று சொன்னார் என்றும், பன்னிரண்டு வயதுப் பையன் ஆணி அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான் என்றும், நேரம் போனதைக் கண்டு பயந்து காரைப் பற்றிச் சொல்லாமல் பாதியைத்தான் சொன்னான் என்றும், அந்த மனுசர் இன்றுவரை பையனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றும் இருந்தது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்காமல் இருந்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

மகனே, கார் வந்திருந்தாலும் பிள்ளை பிழைத்திருப்பாளோ தெரியாது, ஒன்பதாம் நாள் இரத்தம் போனால் கஷ்டம் என்று பிறகு டாக்குத்தர் சொன்னவர். அதனால் நீ அதை நினைத்து உன்னை வருத்தாதே. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பயந்தான், அவனை நான் மன்னிக்கிறேன், பயப்படுகிற மாதிரித்தான் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் முப்பத்தைந்து வயதில் தாய்க்கு ஒரு வரி எழுதாமல் ஊருக்கு அச்சடித்துச் சொன்ன புரபெசரை மன்னிக்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுக்கும். என் குணம் உனக்குத் தெரியும்.

இன்றைக்குப் பதினொரு நாள். ஏரம்பு வரவில்லை. கூலிக்கு ஒருவனைப் பிடித்தேன், உன் ஐயா இடக்கையால் அவனைத் தள்ளிவிட்டார், அவனும் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை நானே தூக்கப் பார்த்து இரண்டுபேரும் நிலத்தில் விழுந்து, வாத்தியார் பேப்பர் கொண்டுவரும் வரைக்கும் அப்படியே கிடந்தோம். இடுப்புக்குக் கீழே புண் வந்துவிட்டது, முதலில் ஐந்து சதக் காசுக் குற்றியளவு, இப்போது உள்ளங்கையளவு. கஞ்சியை வாயில் வைத்திருந்து துப்புகிறார். காலமையானால் வேலிப் பொட்டைப் பார்த்தபடி கிடக்கிறார், என்னைப் பார்க்கிறாரில்லை.

நீ வா என்று எழுதமாட்டேன், தவணை நடுவில் விடமாட்டார்கள், விட்டாலும் நீ வந்துசேர ஒருமாதம் செல்லும், அந்தப் புண் அவ்வளவு காலம் காத்திராது. என்ன செய்யவேண்டுமென்று எனக்குத் தெரியும், அதற்கு உன் படிப்புத் தேவையில்லை. போய் அவனைக் கூப்பிடவேண்டும். நேற்று அவன் படலைவரைக்கும் போனேன். உள்ளே மாட்டுக்குப் பனையோலை கிழிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். உன் ஐயா நடுவில் இல்லாமல் எனக்கு அவனோடு கதைக்கத் தெரியவில்லை. தம்பி என்று கூப்பிடுகிறதா, பெயரைச் சொல்லுகிறதா, முதலில் பிழை என்று சொல்லிவிட்டுப் பிறகு வா என்கிறதா, அல்லது பிள்ளையின் கதையை எடுக்காமல் அண்ணைக்குப் புண் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லுகிறதா. இதைத்தான் உன்னிடம் கேட்க நினைத்தேன், நீ இதைப்பற்றித்தானே படிப்பிக்கிறாய். ஆனால் உன் பதில் வந்து சேருவதற்குள் நான் ஏதாவதொன்றைச் சொல்லியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் சொல்லவே தேவையிருக்காது. தபாற்கந்தோருக்கு அந்தப் படலையைக் கடந்துதான் போகவேண்டும், இதை ஒட்டிக்கொண்டு இப்போது வெளிக்கிடுகிறேன்.

பாலேஸ்வரியைக் குயினைன் மறக்கவேண்டாம் என்று சொல். பிள்ளைகளோடு வீட்டில் தமிழில் கதை. மருதடிப் பிள்ளையார் உங்கள் எல்லாரையும் காப்பாற்றுவார், என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு, கோபமாய் இருக்கிறபோதும் உண்டு. ஒன்று மறவாதே. உன் சின்னையாவுக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு வருகிற உறைக்குள் வைத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லாதே, வாத்தியாரிடமும் சொல்லி அனுப்பாதே. அவன் பெயருக்கு, அவன் விலாசத்துக்கு, நீயே எழுதிப் போடு.

இப்படிக்கு
உன் அம்மா
மு. கனகாம்பிகை