ஒன்பதாம் நம்பர் செருப்பு

செப்டம்பர் 3, செவ்வாய்

ஆம்பூரிலிருந்து செருப்புச் சரக்கு கடைக்கு வந்து இறங்கியது. தீபாவளிக்கு வேண்டியதை இப்போதே பிடித்துப் போட்டால்தான் உண்டு. அக்டோபரில் போய் நின்றால் கம்பெனிக்காரன் மிச்சம் மீதியைத் தலையில் கட்டிவிடுவான்.

மாலையில் வைத்தீஸ்வரன் சார் வந்தார். பீர்க்கன்கரணையில் இருக்கும் ரிட்டையர்டு வாத்தியார். ஏரியை வளைத்து மனை போடுகிறார்கள் என்று கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடந்தே செருப்பைத் தேய்ப்பவர். அந்த வகையில் ஏரியால் எனக்கும் லாபம். வீட்டம்மா ரமாவுக்கு வாங்கியது இறுக்குகிறதாம்.

"மாத்திக் குடு பாய், இல்லன்னா உம்மேலயும் பெட்டிஷன் போட்டுருவேன்."

"போடுங்க சார். ஏரி முடிஞ்சு என் டர்ன் வர்றதுக்குள்ள எனக்கு எண்பது வயசு ஆயிடும்."

சிரித்தார். ஆறாம் நம்பருக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருகிறதா பார்க்கிறேன்.

சார் வந்தார். ரமா அம்மாவின் பெட்டியை வாங்கிக்கொண்டு, இருட்டிய பிறகு படி இறங்கினார். நான் அடுத்த கஸ்டமருக்குச் செருப்பு மாட்டிவிட மண்டி போட்டிருந்தேன். என் முதுகு ரோட்டுப் பக்கம். சத்தம் கேட்டுத் திரும்பினேன் — ஒருத்தன் சாரை வெட்டிக்கொண்டிருந்தான். என் கடைப் படியில். முகத்தில் கட்டியிருந்த கர்ச்சீப் கழுத்துக்கு இறங்கிவிட்டது. இடது புருவத்தின் நடுவே முடியில்லாத ஒரு கீற்று. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பைக்கில் ஏறிப் போய்விட்டான். சார் என் படியிலேயே உயிரை விட்டார்.

யா அல்லாஹ், நான்தானே அவரை இன்றைக்கு வரச் சொன்னேன்.

போலீஸ் வந்தது. கங்கையம்மாள் என்று ஒரு ஹெட் கான்ஸ்டபிள். படியில் ரத்தத்தில் பதிந்திருந்த செருப்புத் தடத்தைப் பார்த்ததும், என் கடையிலிருந்தே ஒரு ஷூ பெட்டி மூடியை எடுத்து அதன் மேல் கவிழ்த்துவிட்டு, "யாரும் மிதிக்காதீங்க" என்று பக்கத்திலேயே நின்றார். தடயக்காரர்கள் வந்து போட்டோ எடுக்கும்வரை நகரவில்லை.

இன்ஸ்பெக்டர் தோத்தாத்ரி கேட்டார், "முகத்தப் பாத்தீங்களா?"

"சரியா பாக்கல சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். வேறென்ன.

செப்டம்பர் 8, ஞாயிறு

பெஞ்சைத் திருப்பிப் போட்டேன். இனி மண்டி போட்டாலும் என் முகம் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கும். கஸ்டமருக்கு வெளிச்சம் பத்தாது. பத்தாவிட்டால் போகட்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். டீ கொடுத்தார்கள். போலீஸ்காரன் சும்மா டீ கொடுக்க மாட்டான்.

இன்ஸ்பெக்டர் செல்போனில் ஒரு போட்டோ காட்டினார். மாரி. பெருங்களத்தூரில் லோடு ஏற்றுகிறவன், முன்பு அடிதடி கேஸ்கள் உண்டு. சத்தியமாக அவன் இல்லை. புருவம் முழுசாக இருக்கிறது, ஆளும் குள்ளம்.

"நல்லா பாத்து வச்சுக்குங்க பாய். ஜெயில்ல அடையாளப் பரேடு வைப்பாங்க. நாலஞ்சு பேரோட நிக்க வைப்பாங்க. இவன் தோளத் தொடணும், அவ்ளோதான்."

"சார், அன்னிக்கு இருட்டு..."

"கடையில அவ்ளோ லைட்டு எரியுது, என்ன இருட்டு?" கண்ணைத் தேய்த்துக்கொண்டார். நாலு நாளாக வீட்டுக்கே போகாத மாதிரி இருந்தார். "பாய், நான் மோசமானவன் இல்ல. மேல இருந்து மணிக்கொரு தரம் போன். இவன் ஒண்ணும் உத்தமனும் இல்ல. மாஜிஸ்திரேட் கேப்பாங்க, போலீஸ் போட்டோ காட்டுனாங்களான்னு. இல்லன்னு சொல்லணும்."

தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 18, புதன்

அவன் கடைக்கு வந்தான்.

மத்தியான நேரம். வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். புருவத்தில் அதே கீற்று.

"ஷூ காட்டு பாய். ஒம்போது. நல்லதா குடு."

எடுத்தேன். அவன் காலடியில் மண்டி போட்டேன். அவன் கால் என் முட்டி மேல். ஆயிரம் கால் பார்த்தவன் நான், ஒரு காலுக்கு இப்படிப் பயந்ததில்லை.

"மாரியப் புடிச்சிகினாங்களாமே?"

"தெரியலப்பா."

"தெரியணும் பாய். அவன்தான் வெட்டுனான், நீ பாத்த. இன்னா?" குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல், "உன் பொண்ணு நாவலூர்லதான வேலைக்குப் போவுது? பஸ்ஸுல கும்பல் ஜாஸ்தி. உஷாரா வரச் சொல்லு."

லேஸ் முடிச்சு விழவே இல்லை. அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

எழுந்து நடந்து பார்த்தான். தரைக் கண்ணாடியில் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஷூ பிடித்துவிட்டது. கொலைகாரனுக்கும் புது ஷூ என்றால் அப்படித்தான் போலிருக்கிறது. என் வாயில் பழக்கத்தில் தானாக வந்தது: "பழசப் பையில போட்டுத் தரவா?"

"வோணாம், தூக்கிப் போட்ரு."

காசும் கொடுக்கவில்லை. புது ஷூவோடு போய்விட்டான்.

அவன் விட்டுப்போன செருப்பு பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. பேப்பரால் பிடித்துத் திருப்பினேன். அடியில் ஒரு மூலை பிய்ந்திருந்தது. கோடுகளுக்குள் கறுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. மண்ணாக இருக்கலாம். மண் என்றே வைத்துக்கொண்டேன்.

பெட்டியில் போட்டு மேல் தட்டில், விற்காத சரக்குக்குப் பின்னால் வைத்தேன். எறிந்திருக்க வேண்டும். ஏன் எறியவில்லை?

செப்டம்பர் 19, வியாழன்

மகள் ஷாயிஸ்தாவை வேலைக்குப் போகாதே என்றேன். "லீவு கேட்டா காரணம் கேப்பாங்க அத்தா, என்னன்னு சொல்றது?" என்றாள். நானே பைக்கில் நாவலூர் வரை கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் பின்னால் வரும் ஒவ்வொரு பைக்கையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே. அவள் முதுகில் சாய்ந்து, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். டிராஃபிக் என்றேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

கங்கையம்மாள் மப்டியில் வந்தார். தங்கச்சி மகளுக்கு ஸ்கூல் ஷூ வேண்டுமாம். ஷூவைப் பார்க்கவே இல்லை.

"பாய், அந்தப் படியில இருந்த தடம் ஒம்போது. மாரி கால் ஏழு. நான் சொன்னேன். 'ஹெட்டம்மா, கேஸ நீங்க நடத்துறீங்களா நான் நடத்தட்டுமா'ன்னு கேட்டாரு இன்ஸ்பெக்டர் ஐயா."

நான் ஒரு ஸ்கூல் ஷூவை எடுத்து நீட்டினேன்.

"பெஞ்சுல இருந்த கஸ்டமர் ஒண்ணும் பாக்கலன்னு எழுதிக் குடுத்துட்டாரு, மிச்சம் நீங்க ஒருத்தர்தான். நான் சொல்றது என்னன்னா... சரி, வேணாம். நானும் பிள்ளைகுட்டிக்காரி. உங்களுக்குத் தைரியமா இருங்கன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?"

அவர் தலைக்கு நேர் மேலேதான் அந்தப் பெட்டி இருந்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

சம்மன் வந்தது. திங்கட்கிழமை பரேடு. மனைவி மெஹ்னாஸிடம் இன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "ரமா அம்மா வூட்டுக்கு ஒரு நடை போயிட்டு வந்தீங்களா?" என்றாள். போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

"அந்தப் பையன் மாரிக்கும் ஒரு வூடு இருக்கும்ல" என்றாள்.

செப்டம்பர் 30, திங்கள்

ஜெயிலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு அறையில் தனியாக உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் கேட் வரைதான் வந்தார். "ஞாபகம் இருக்குல்ல?" என்றார்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். ஷாயிஸ்தாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். வரிசையாக நின்றவர்கள் எல்லோருக்கும் வெறுங்கால். முதலில் கால்களைத்தான் பார்த்தேன். மாரியை உடனே தெரிந்தது. என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கை தூக்கி ஒரு தோளைத் தொட்டால் போதும். வீட்டுக்குப் போய்விடலாம். ஷாயிஸ்தா பஸ்ஸில் வருவாள், போவாள்.

"இவங்கள்ல யாரும் இல்லம்மா" என்றேன்.

"போலீஸ் யாரோட போட்டோவாவது உங்ககிட்ட காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க."

அவர் பேனா நின்றது. "யாரோடது?"

சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. கடைக்கு வந்தவன், அவன் புருவம், பொண்ணைப் பற்றிச் சொன்னது, பழைய செருப்பு — எல்லாம் கொட்டிவிட்டேன். எழுதிக்கொண்டே வந்தார். "செருப்பை யாரும் தொடாம வையுங்க. முறைப்படி வந்து எடுத்துக்குவாங்க" என்றார்.

வெளியே இன்ஸ்பெக்டர் ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். கத்துவார் என்று நினைத்தேன். "பஸ்ஸு ஸ்டாப்பு அந்தப் பக்கம் பாய்" என்றார். அது இன்னும் பயமாக இருந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

வேறு அதிகாரி ஒருவர் வந்து செருப்பை எடுத்துப் போனார். கூட கங்கையம்மாள். பெட்டியைக் கையுறை போட்டுத் தூக்கும்போது என்னைப் பார்த்து, "மேல் தட்டுலயா இருந்துச்சு? அடப்பாவி" என்றார்.

அக்டோபர் 3, வியாழன்

கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

அக்டோபர் 5, சனி

பிடித்துவிட்டார்கள். கோவளத்தில், ஒரு மீன்காரர் வீட்டு மாடியில். தடம் பொருந்திவிட்டதாம், செருப்பின் கோடுகளுக்குள் இருந்தது மண் இல்லையாம். பிடிபடும்போது காலில் என் ஷூ.

அக்டோபர் 22, செவ்வாய்

மறுபடி அதே ஜெயில், வேறு வரிசை. இந்தத் தடவை தோளைத் தொட்டேன். அவன் சிரித்தான். "ஷூ நல்லா கீது பாய்" என்றான். மாஜிஸ்திரேட் அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

ஜனவரி 6, திங்கள்

மாரி வந்தான். ஜெயிலிலிருந்து விட்ட பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இளைத்துப்போயிருந்தான்.

"இன்னா பாய், பரேடுல என் மூஞ்சப் பாக்காம காலையே பாத்துகினு இருந்த? சைஸ் எடுத்தியா?"

"ஏழு" என்றேன்.

"கரீக்ட்டு. ஒண்ணு குடு."

போட்டுவிட்டேன். கிளம்பும்போது மெதுவாகச் சொன்னான்: "அவனுக்கு பெயில் ஆயிடுச்சு. தொண்ணூறு நாளுக்குள்ள சார்ஜ் ஷீட்டு போடாம லேட்டு பண்ணிக்கினாங்களாம். வியாழக்கிழம வெளிய வர்றான். உனக்கு எவனும் சொல்லிருக்க மாட்டான்னுதான் வந்தேன்."

ஆமாம், யாரும் சொல்லவில்லை. கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

ஜனவரி 9, வியாழன்

ஷட்டரைத் தூக்கலாமா வேண்டாமா என்று தெருவில் நின்றேன். படியில் மாரி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "லோடு இல்ல பாய் இன்னிக்கு" என்றான். பொங்கல் சமயத்தில் லோடு இல்லாமலா? கேட்கவில்லை. தூக்கினேன்.

மத்தியானம் வரை யாரும் வரவில்லை. பிறகு ரமா அம்மா வந்தார். கையில் அன்றைய பெட்டி. போலீஸ் இப்போதுதான் திருப்பிக் கொடுத்ததாம். "ஆறுதானே சொல்லியிருந்தார்? எனக்குச் சரியா இருக்கான்னு பாக்கவே இல்ல" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து, "இங்க இருட்டா இருக்கே" என்றார். பெஞ்சைத் தூக்கிப் பழையபடி வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டேன். மண்டி போட்டு மாட்டிவிட்டேன். குதிகாலில் கொஞ்சம் பிடித்தது. வாரை நெகிழ்த்திச் சரிசெய்ய நேரம் ஆனது.

எழுந்தபோதுதான் கவனித்தேன். அவ்வளவு நேரமும் என் முதுகு ரோட்டுப் பக்கம் இருந்திருக்கிறது.