பாம்பன் பாட்டில்

முதலில் மானம் போகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷமாக உன் அலமாரியில் "பாம்பன்" என்று என் கையெழுத்தில் சீட்டு ஒட்டி இருந்ததே, அந்தப் பாட்டில் பாம்பனிலிருந்து வந்ததல்ல. அடையாற்று முகத்துவாரத்தில், விடியற்காலையில் திருடன் மாதிரி போய் நான் சுரண்டி எடுத்தது. உள்ளே இருக்கிற பிராணி நிஜம். ஊர்தான் பொய்.

நேற்று உன் சம்சாரம் அதை என்னிடம் எடுத்துக் கொடுத்தார். "உங்க ஞாபகமா வெச்சிண்டிருந்தார். நீங்களே கொண்டு போங்கோ" என்றார். தக்கை தளர்ந்து, பார்மலின் நெடி என் அறை முழுவதும் பரவியிருக்கிறது. கண் கலங்குகிறது. நெடியால்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த நெடி வந்தாலே சித்திரக்குளத்தருகில் நீ இருந்த ஒண்டுக்குடித்தனம் வந்துவிடுகிறது. ஆறு குடும்பம், ஆறு அடுப்பு, கொல்லையில் எல்லாருக்குமாக ஒரே சாக்கடை. உன் பிராணியின் உடலமைப்பை எனக்கு நீ விளங்கவைத்ததே அந்த வீட்டைக் காட்டித்தான். பாறையில் வழவழவென்று அப்பிக் கிடக்கும் ஒரு கூட்டம், ஒவ்வொன்றும் கடுகளவு. வாய் தனி, குடல் தனி, இருதயம் தனி. ஆனால் போர்த்திக்கொள்வது ஒரே போர்வை. பத்துப் பன்னிரண்டு உருப்படிகள் வட்டமாக உட்கார்ந்து, உறிஞ்சிய நீரை நடுவில் இருக்கும் ஒரே துவாரத்தில் விடும். அந்தக் கடுகு இருதயம் கொஞ்ச நேரம் ரத்தத்தை இந்தப் பக்கம் தள்ளும், சற்று நிற்கும், பிறகு அந்தப் பக்கம் தள்ளும். இதைச் சொல்லும்போதெல்லாம் உன் முகத்தில் பிள்ளை பெற்றவனின் களை இருக்கும்.

அடுத்த போர்ஷன் மாமி ஒருநாள் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்து, ஆத்துல மீன் வெச்சிண்டு என்ன பண்றேள் என்று சண்டைக்கு நின்றாள். இது மீன் இல்லை, குஞ்சாக இருக்கும்போது மட்டும் வால் உண்டு, முதுகுத்தண்டு மாதிரி ஒன்று உண்டு, நீந்தும். ஒரு பாறையில் ஒட்டிக்கொண்டதும் வாலும் போய்விடும், தண்டும் போய்விடும், அதற்கப்புறம் அசையாது என்று நீ விளக்கினாய்.

"எங்காத்து மாமா மாதிரின்னு சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமா பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிக்கொண்டார்.

உடலமைப்பை இரண்டு வருஷத்தில் வரைந்து முடித்துவிட்டாய். அது எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதுதான் பாக்கி. துறைமுகத்து மரக்கட்டைகளில் கண்டாய். சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்துப் பாறையில் கண்டாய். தெற்கே? உன் கல்லூரிப் பெரியவர், சென்னையைத் தாண்டாத ஜந்துவுக்குக் கட்டுரை எதற்கு என்று சிரித்தாராம். பாம்பனில் ஒன்று கிடைத்தால் கட்டுரை நிமிர்ந்து நிற்கும். உனக்கோ லீவு இல்லை. நான் மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போகிறேன் என்றதும் பாட்டிலும் பார்மலினும் கொடுத்தாய்.

"மேலே நட்சத்திரம் நட்சத்திரமா வரிசை தெரியும்டா. அது இல்லேன்னா வெறும் கடற்பஞ்சு. ஏமாந்துடாதே."

என்னைக் குழந்தை என்று நினைத்தாயா என்று நான் கோபித்துக்கொண்டேன்.

மதுரையில் சம்பந்தி வீட்டார் சீட்டாட்டத்தில் சூரர்கள். மூன்று நாளில் பாம்பன் ரயில் மூன்று தடவை என்னை விட்டுவிட்டுப் போயிற்று. எழும்பூரில் இறங்கியதும் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் நீ வகுப்பை யார் தலையிலோ கட்டிவிட்டு, பிளாட்பாரத்தில், பாட்டிலைச் சுற்ற ஒரு புதுத் துண்டோடு நின்றுகொண்டிருந்தாய். அந்தத் துண்டைப் பார்த்ததும் என் நாக்கு தானாகவே பேசியது. பெட்டிக்கு அடியில் இருக்கிறது, நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

மறுநாள் விடியலில் அடையாறு. யாரும் அடையாளம் கண்டுவிடக்கூடாதென்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போன மேதாவி நான். தட்டித் தடவிச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, உனக்குக் கட்டுமரத்தில் சரக்கு கொண்டு வந்து கொடுப்பாரே, அந்த மீன்காரர் தலைமேல் நின்றார்.

"இன்னா சாமி, கூட்டாளிய வுட்டுட்டு தனியா சொரண்டிக்கினு கீறே?"

உன்னிடம் சொல்ல வேண்டாமென்று கெஞ்சினேன்.

"நான் இன்னாத்துக்கு நைனா சொல்லப் போறேன்" என்றார்.

பாட்டிலை நீ லென்ஸில் வெகுநேரம் பார்த்தாய். பாறையா, கட்டையா, எவ்வளவு ஆழம் என்று கேட்டாய். நான் கிழக்குப் பக்கத்துப் பாறை என்றேன், அலை என்றேன், போதாதென்று கால் கட்டைவிரலை ஒரு நண்டு கடித்தது என்றேன். "சொல்லு, சொல்லு" என்றாய். பென்சில் உன் காதிலேயே இருந்தது. அதற்கப்புறம் யார் வந்தாலும், "பாம்பன்ல நண்டு கடிச்ச கதையைச் சொல்லுடா" என்பாய். நானும் சொல்வேன். நாலாவது வருஷத்தில் நண்டுக்குத் துணையாக ஒரு புயலும் வந்துவிட்டது.

கட்டுரை அச்சானதும் ஒரு பிரதி கொடுத்தாய். ஓரத்தை வெட்டினால்தான் பிரித்துப் படிக்க முடிகிற தாள்கள். நான் வெட்டவே இல்லை. பாம்பனில் நீ வைத்திருக்கும் புள்ளியைப் பார்க்கப் பயம். நாளைக்கு எவனாவது அங்கே போய்த் தேடி, ஒன்றுமில்லை என்று எழுதினால் போவது உன் பெயரல்லவா? சொல்லிவிட எத்தனையோ தடவை வாயெடுத்தேன். என் இருதயமும் உன் பிராணியினுடையது மாதிரி, இந்தப் பக்கம் தள்ளும், நிற்கும், அந்தப் பக்கம் தள்ளும். அதற்குள் நீ போய்விட்டாய்.

நேற்று மாலை பேனாக்கத்தியால் தாள்களை வெட்டினேன். வரைபடத்தில் சென்னைத் துறைமுகத்தில் ஒரு புள்ளி. கோவளத்தில் ஒரு புள்ளி. பாம்பன் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கீழே ஒரே வரி: தெற்கே இதுவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

யாரும். அந்தச் சொல்லில் நானும் இருப்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. மீன்காரர் அன்றைக்கே சொல்லியிருப்பார். உன் கட்டுரை நொண்டிக்கொண்டு போனது என்னால்தான். ஆனாலும் நண்டுக் கதைக்கு ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாகச் சிரித்தாய். நான் சொன்னதில் ஒரு வரிகூடக் குறிக்காமல் காதில் செருகியபடியே இருந்த அந்தப் பென்சிலைத்தான் இனி நான் சுமக்க வேண்டும். அடுத்த மாதம் பாம்பன் போகப் போகிறேன், இந்தத் தடவை மூக்குக்கண்ணாடியோடு. உன் கூட்டத்தின் இன்னொரு கிளை அங்கே இருந்தால், உன் அடையாற்றுக் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பாட்டிலையும் எடுத்துப் போவதாக எண்ணம்.

அதற்காகத்தான் இப்போது தக்கையை மெழுகு வைத்து அடைக்கலாமென்று பாட்டிலைத் தூக்கினேன். அடியில் உன் பொடி எழுத்தில் ஒரு சீட்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"கடற்பஞ்சு."