பனி வீசும் மிசினும் வீரசிங்கத்தின் கையும்

மடுல்சீமை
22.1.1979

என் செல்ல மகள் மரகதத்துக்கு அப்பா வீரய்யா எழுதுறது. மாரியம்மா புண்ணியத்துல நானும் அம்மாவும் நல்லபடியா இருக்கோம், அந்தக் குளிருக்குள்ள நீயும் மருமகனும் உடம்புக்கு ஒன்னும் வராம இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். பொங்கல் நல்லா நடந்துச்சு, மழைதான் விடல, வாசல்ல அடுப்பு வைக்க முடியாம உள்ளுக்கே பொங்குனோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, திரும்பவும் மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போறா.

உன் கடிதமும் போட்டோவும் பொங்கலுக்கு முந்தியே வந்துச்சு. கால்சட்டையும் பெரிய சப்பாத்தும் போட்டுக்கிட்டு நிக்கிறது யாருன்னு அம்மாவுக்கு முதல்ல புரியல, சிரிப்பைப் பார்த்துத்தான் நம்ம புள்ளைன்னு கண்டுபிடிச்சா. பனின்னா நுவரெலியாவுல விடியக்காலம் புல்லு வெளுத்துக் கிடக்கும், கொழுந்து கருகிப்போகும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். நீ எழுதுனாப்புல கதவைத் தொறந்தா பனி ஜன்னல் மட்டத்துக்குச் சுவரு மாதிரி நிக்கிறதும், அதை ஒரு மிசின் வாயால அள்ளித் தின்னு புகைக்கூண்டு மாதிரிக் குழாய் வழியா அந்தப் பக்கம் தூக்கி வீசுறதும், அதுக்குப் பின்னாலயே கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நீ நடந்து போறதும் நெனைக்க நெனைக்க எனக்கு வாயடைச்சுப் போகுது. வந்த வாரமே ஞாயித்துக்கிழமை நம்ம லயத்து வரிசை வீட்டு ஆளுங்க எல்லாரையும் கூட்டி வச்சுப் படிச்சேன். எதிர் வீட்டுப் பொண்ணுக்குப் பிரசவ வலி வந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி வண்டி ரோட்டுலயே நின்னுபோச்சு, மருமகன் வேலையில, நீ ஒத்தையா மிசினைக் கிளப்பி அவ வாசல் வரைக்கும் பாதை வெட்டுன இடம் வந்ததும் பொம்பளைங்க முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. அந்தக் கொழந்தை சுகமா இருக்கான்னு எல்லாரும் கேட்டு எழுதச் சொன்னாங்க.

நீ பாதி வழியில மிசின் சரளைக் கல்லையும் சேர்த்து அடிச்சுதுன்னு எழுதியிருந்த. உடனே நிப்பாட்டி, ரெண்டு பக்கத்துலயும் இருக்கிற சறுக்குக் கட்டையை இறக்கி வாயைத் தரையில இருந்து கொஞ்சம் உசத்துன, ஆளுங்க நிக்காத பக்கமா குழாயைத் திருப்புன. அப்புறம் ஈரப்பனி குழாயை அடைச்சதும் எஞ்சினை நிப்பாட்டி, பிளக் வயரைக் கழட்டி, எல்லாம் அடங்குனதுக்குப் பொறகு கையை உள்ள விடாம விளக்குமாத்துக் கம்பால குத்துன. எஞ்சின் செத்துக் கிடக்கும்போதே உள்ள இருக்கிற தகடு வெடுக்குன்னு சுத்திக் கம்பைப் பிடுங்கிக்கிச்சுன்னு நீ எழுதுன இடத்துல எல்லாரும் சிரிச்சாங்க. பெல்ட்டு அதுக்குள்ள முறுக்கிக்கிட்டு நின்னுச்சாம், அடைப்பு விட்டதும் அந்த முறுக்கு அவுந்துச்சாம். என்கூட தேயிலை பெக்டரியில வேலை செய்யுற வீரசிங்கம்தான் ரொம்பச் சிரிச்சான், செத்த மிசினும் கடிக்குமான்னு கேட்டான்.

இப்ப நான் சொல்ல வந்த விசயத்தைக் கேளு தாயி. போன வியாழக்கிழமை கொட்டுற மழை, கொழுந்தெல்லாம் சொதசொதன்னு வந்துச்சு. இரும்புக் குழாய்க்குள்ள திருகு சுத்திக் கொழுந்தை நசுக்கித் தள்ளுற மிசின் இருக்குல்ல, அது அடைச்சு நின்னுபோச்சு. மோட்டரை நிப்பாட்டிட்டாங்க. கொழுந்து குமிஞ்சுக்கிட்டே போகுது, சீக்கிரம் எடுங்கன்னு மேல் மாடியில இருந்து பெக்டரி ஐயா சத்தம் போட்டார். வீரசிங்கம் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு முழங்கை வரைக்கும் உள்ள விடப் போனான். வழக்கமா எல்லாரும் அப்படித்தான் எடுப்போம், நானும் எடுத்திருக்கேன். ஆனா அன்னைக்கு உன் எழுத்து அப்படியே என் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

"கையை எடு வீரசிங்கம், மரகதம் எழுதுனது மறந்துபோச்சா?" ன்னு கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான், சிரிக்கப் போனவன் சிரிக்கல, கையைப் பின்னால இழுத்துக்கிட்டான். அடுப்புக்கு வச்சிருந்த தேயிலைக் கட்டையில நீளமா ஒன்னை எடுத்துக் குடுத்தேன். அவன் குத்துனான், திரும்பக் குத்துனான், அடைப்பு பொலபொலன்னு விட்டுச்சு. விட்ட அந்த நிமிசம் திருகு தானா ஒரு பாதிச் சுத்து சுத்துச்சு பாரு, தேயிலைக் கட்டை எவ்வளவு உறுதின்னு உனக்கே தெரியும், அது ரெண்டா முறிஞ்சு விழுந்துச்சு. மேல இருந்து கத்துனவரும் இறங்கி வந்து அந்தத் துண்டைக் கையில எடுத்துப் பார்த்துட்டு நின்னார். வீரசிங்கம் தரையிலயே உக்காந்து தன் கையை மடியில வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தான். இப்ப அந்த மிசினுக்குப் பக்கத்துல ஒரு நீளக் கம்பு தொங்குது, கை விடக்கூடாதுன்னு உத்தரவு. கடல் தாண்டிப் பனிக்குள்ள நின்னு நீ எழுதுன நாலு வரி எங்க போய் நின்னுச்சு பார்த்தியா, எனக்கு இன்னும் மயிர் கூச்செறியுது.

நீ இதுவரைக்கும் சரியாத்தான் செய்யுற, இருந்தாலும் பெத்தவன் சொல்லாம இருக்க முடியல. கழுத்துத் துணியோட நுனியும் சடையும் உள்ள செருகி இருக்கட்டும். எஞ்சின் சூடா இருக்கும்போது பெட்ரோல் ஊத்தாத. கொட்டகைக்குள்ள வச்சுக் கிளப்பாம வெளிய தள்ளிக்கிட்டு வந்து கிளப்பு, அந்தப் புகை ஆளைக் கொன்னுடும். கை வலிக்குதுன்னு மருமகன் கைப்பிடியைக் கயித்தால கட்டி ஓட்டுறாராம், நீ எழுதியிருந்த. கையை விட்டா மிசின் நிக்கணும்னுதான் அதை அப்படி வச்சிருக்காங்க, மாமா கேட்டுக்கிட்டாருன்னு சொல்லி அந்தக் கயித்தை அவுக்கச் சொல்லு.

நேத்து வீரசிங்கம் சம்சாரத்தோட வீட்டுக்கு வந்தான். உன் போட்டோவைக் கேட்டு வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். அவன் சம்சாரம் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கிளம்பும்போது வாசல்ல நின்னு ஒன்னே ஒன்னு சொன்னான்.

"அண்ணே, வீரசிங்கம் இன்னைக்கும் இந்தக் கையாலதான் சோறு தின்னான்னு மரகதத்துக்கு எழுதுங்க."

எழுதிட்டேன். நீங்க ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வருசம் நல்லா இருக்கணும், மாரியம்மா துணை. பதில் போடத் தாமதிக்காத, தபால்காரர் வர்ற நாளெல்லாம் அம்மா ரோட்டையே பார்த்துக்கிட்டு நிக்கிறா.

இப்படிக்கு
உன் அப்பா வீரய்யா,
அம்மா பெரியாயியின் ஆசியும் இதுல இருக்கு.