இரும்புச் சட்டைக்கு அளவு

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம். நீ நலமாக இருப்பாய், ஆனால் நேரத்துக்குச் சாப்பிட்டிருக்க மாட்டாய். இரண்டும் எனக்குத் தெரியும். போனில் கேட்க வேண்டியதை அப்பா ஏன் கடிதத்தில் எழுதுகிறார் என்று யோசிக்காதே. போனில் கேட்டால் நீ குறுக்குக் கேள்வி கேட்பாய்.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் இங்கே கோட்டை அருங்காட்சியகத்தில் சேர்ந்திருக்கிறார். பழங்காலப் படைவீரன் வேடம் போட்டு, ஈட்டியும் கையுமாக வாசலில் நிற்க வேண்டும். கவசத்தை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். இவரும் கடைக்குப் போய், இரும்பு வளையங்களை ஒன்றோடு ஒன்று கோத்துச் செய்த சங்கிலிச் சட்டை ஒன்றை வாங்கி வந்துவிட்டார். வளரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுப்பது போல இரண்டு அளவு பெரிதாக எடுத்திருக்கிறார். கடைக்காரன், "போடப் போட உடம்போட சேர்ந்துக்கும் சார்" என்றானாம். இவரும் நம்பியிருக்கிறார். இப்போது அது முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. சாயங்காலம் கழற்றி வைத்த பிறகு கழுத்தைத் திருப்பக்கூட முடியவில்லை என்கிறார். கடையில் திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம்.

நீதான் நாடகக் கம்பெனியில் ராஜாவுக்கும் சிப்பாய்க்கும் இதையெல்லாம் வெட்டிச் சரிசெய்கிறாயே. பாவம், அந்த மனிதருக்கு ஒரு வழி சொல்லு.

ஆபீஸ் வழக்கம் போல ஓடுகிறது.

அன்புடன்,
அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் நண்பரின் தலையில் என் சார்பாக முதலில் ஒரு குட்டு வையுங்கள். போடப் போட உடம்போடு சேர்வதற்கு அது என்ன செருப்பா? துணியாவது துவைத்தால் சுருங்கும். இரும்பு யாருக்காகவும் சுருங்காது.

அவர் அதை வெறும் பனியன் மேல் போடுகிறார் என்று நினைக்கிறேன். அதனால்தான் கழுத்து போகிறது. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த உள்சட்டை ஒன்று வேண்டும். அதைப் போட்ட பிறகுதான் இரும்புக்கு அளவே எடுக்க வேண்டும். உள்சட்டையை நானே தைத்து அனுப்புகிறேன். அளவுகளை மட்டும் ஒழுங்காக எடுத்து அனுப்புங்கள். மார்பை மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு முறை, விட்டு ஒரு முறை. இரண்டு தோளையும் தனித்தனியாக. கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி அக்குளிலிருந்து இடுப்பு வரை. வயிற்றை எக்கிக்கொள்ளக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். எங்கள் ராஜா நடிகர் எக்கிக்கொண்டு அளவு கொடுத்துவிட்டு, முதல் நாள் மேடையில் சிம்மாசனத்தில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே ஆட்சி செய்தார்.

இன்னொரு செய்தி. எங்கள் கம்பெனியில் விளக்கு போடுகிறவரைப் பற்றிப் போனில் சொன்னேன் அல்லவா. அவருடைய அப்பா அம்மா உங்களைப் பார்க்க வர வேண்டும் என்கிறார்கள். நீங்கள் பெரிய நிறுவனத்தில் கணக்குப் பிரிவுத் தலைவர் என்று சொன்னதும் அவருடைய அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்பு மகள்,
வாலு

மார்ச் 23

அன்புள்ள வாலுக்கு,

மாப்பிள்ளை வீட்டார் செய்தி படித்து மனம் நிறைந்தது. அம்மா இருந்திருந்தால் இந்நேரம் தெருவுக்கே சொல்லியிருப்பாள். கணக்குப் பிரிவு, பதவி எல்லாம் ரொம்ப விவரமாகச் சொல்ல வேண்டாமே. நல்ல மனிதன் என்று சொன்னால் போதாதா?

நண்பரின் அளவுகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அந்த ஆள் படுத்திய பாடு இருக்கிறதே! டேப்பை வயிற்றுக்குக் கொண்டுபோனாலே நெளிகிறார். தன்னைத்தானே அளந்துகொள்வது போலக் கண்ணாடி முன்னால் நின்று, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பெரிய கூத்து. இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் அளவு தாழ்ந்திருக்கிறது. அது தப்பில்லை, அவர் அமைப்பே அப்படித்தான்.

அன்புடன்,
அப்பா

ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

உள்சட்டையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

உங்கள் நண்பரின் அளவுகளைக் காகிதத்தில் வரைந்து வெட்டினேன். இடது தோளைத் தாழ்த்தி வெட்டும்போதே கை நின்றுவிட்டது. இந்தத் தோளை நான் எத்தனை சட்டைக்கு வெட்டியிருக்கிறேன் அப்பா! உங்கள் பழைய சட்டைக் காகிதம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். வயிற்றில் மட்டும்தான் கொஞ்சம் வித்தியாசம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் அளவையாவது மாற்றி எழுதியிருக்கலாம்.

எனக்குக் கோபம் இல்லை. வேலை போனதை என்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டீர்களே என்றுதான் வருத்தம். உழைத்துச் சாப்பிடுவதில் என்னப்பா வெட்கம்? நானும்தான் நாள் முழுக்க அடுத்தவர் அக்குளில் ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். தலை நிமிர்ந்து நில்லுங்கள்.

இனி இரும்பு. உள்சட்டையைப் போட்டு, அதன் மேல் சங்கிலிச் சட்டையைப் போட்டுப் பாருங்கள். முதலில் கீழிருந்து வரிசை வரிசையாகக் கழற்றி, முழங்காலுக்கு மேலே கொண்டுவாருங்கள். கனம் அதிலேயே நன்றாகக் குறையும். பிறகு இரண்டு பக்கமும், அக்குளுக்குக் கீழே, ஒரு முக்கோணம் அளவுக்கு வளையங்களை எடுத்துவிட்டு ஓரங்களை மறுபடி கோத்துவிடுங்கள். உங்களுடையது வாய் ஒட்டாத வளையமாகத்தான் இருக்கும். இரண்டு குறடு இருந்தால் திறந்து மூடலாம். உடம்போடு ஒட்ட இறுக்கமாக மட்டும் பிடிக்காதீர்கள். கடைசியாக ஓர் அகலமான பெல்ட். சட்டையைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு இடுப்பில் கட்டுங்கள். கனத்தைத் தோள் மட்டும் சுமக்காமல் இடுப்பும் வாங்கிக்கொள்ளும்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் நேரம் பார்த்து இதைச் சொல்கிறேன்.

அன்பு மகள்,
வாலு

ஏப்ரல் 19

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை. அறுபதை நெருங்குகிறவன், பெற்ற மகளிடம் 'நண்பர்' என்று கதை விட்டிருக்கிறேன். கூனிக் குறுகிப் போனேன்.

போன வருஷமே எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். நான் இன்னும் அதே ஆபீஸ் பையைத் தூக்கிக்கொண்டு அதே நேரத்துக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். பக்கத்து வீட்டுக்காரர், "இன்னிக்கும் லேட்டா வருவீங்களா சார்?" என்றால், "ஆடிட் நடக்குது" என்கிறேன். அருங்காட்சியகத்தின் பின்னால் துடைப்பம் வைக்கும் அறையில்தான் உடை மாற்றுகிறேன். பைக்குள் சாப்பாட்டு டப்பாவும் குறடும் மட்டும்தான். வேலை கௌரவமானதுதான், யாரும் மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. ஆனாலும் தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன். தலைக்குப் போடும் சங்கிலி முக்காட்டில் வாயை மூட ஒரு மடிப்பு உண்டு. இழுத்து மாட்டினால் கண் மட்டும்தான் தெரியும். பாதி நாள் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் உள்சட்டை கச்சிதமாகப் பொருந்துகிறது. இரும்பில்தான் என் புத்தி வேலை செய்யவில்லை. இளவட்டம் மாதிரி இடுப்பு தெரியட்டும் என்று, நீ சொன்னதற்கு மேல் வளையங்களை எடுத்துவிட்டேன். போட்டுவிட்டேன், கழற்ற முடியவில்லை. குனிந்து, நனைந்த நாய் மாதிரி உதறியும் அக்குளுக்கு மேல் வரவில்லை. கடைசியில் டிக்கெட் கொடுக்கிற அம்மாதான் வந்து, "மூச்சை விடுங்க சார், மூச்சை விடுங்க!" என்று தலைவழியே உரித்தெடுத்தார். மறுநாள் வளையங்களைத் திரும்பக் கோத்தேன். இப்போது கையைத் தூக்க முடிகிறது, கழுத்தும் வலிக்கவில்லை.

சம்பந்தி வீட்டார் வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் லீவு போட்டிருக்கிறேன். சாயங்காலம் வீட்டில் இருப்பேன். அவர்களிடம் என்ன சொல்வது என்பது உன் இஷ்டம்.

அப்பா

மே 5

அப்பாவுக்கு,

நீங்கள் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். எழுதவில்லை. எழுத வேண்டியவள் நான்தான்.

உங்கள் வேலையைப் பற்றி நான் அவர் வீட்டாரிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ரயில் ஏறும் வரை தள்ளினேன். ரயில் சீக்கிரமே வந்து சேர்ந்தது. "சாயங்காலம்தானே போகணும், இங்க ஏதோ கோட்டை இருக்காமே" என்று அவருடைய அப்பா (மாமா என்றுதான் கூப்பிடுகிறேன்) கிளம்பிவிட்டார். வெயில் என்றேன், கால் வலிக்கிறது என்றேன். நீங்கள் லீவில் போயிருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். தூரத்திலேயே தோளைப் பார்த்துவிட்டேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். நான் வாய் திறப்பதற்கு முன்பே கையை உயர்த்தி அந்த மடிப்பை இழுத்து மாட்டிக்கொண்டீர்கள். அப்போது எனக்கு வந்தது நிம்மதி அப்பா. இதை எழுதும்போது கை கூசுகிறது.

மாமா உங்கள் மார்பில் விரலால் தட்டி, "என்னப்பா, உள்ள ஆளு இருக்கானா, இல்ல வெறும் இரும்பா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு உங்களுக்குத் தெரியாதா என்ன? பிறகு போனை என் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். உங்களைப் பார்த்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் நில்லுங்க" என்று யாரோ ஒருவரிடம் சொல்வது போலச் சொன்னேன். நீங்களும் நகர்ந்து நின்றீர்கள்.

சாயங்காலம் உங்கள் வீட்டில், நீங்கள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே மாமா அந்தப் படத்தைக் காட்டினார். "பாவம், இந்த வயசுல இப்படி நிக்கிறாரு. வீட்ல என்ன கஷ்டமோ" என்றார். நீங்கள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா, நல்லா நிக்கிறாரு" என்றீர்கள். நான் பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உழைப்பதில் என்ன வெட்கம் என்று எழுதியவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

மகள்

மே 13

அன்புள்ள வாலுக்கு,

திட்ட வரவில்லை. ஆனால் நீ சிரித்தது வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். போதும், நிறையச் சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் சரியாகத் தெரிந்துகொள். முகத்தை உனக்காக மூடினேன் என்று நினைத்து உருகாதே. நீ எங்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் மூடினேன். உனக்கு வாய் திறக்க இடமே கொடுக்கவில்லை. ஒரு வருஷமாக ஒளிந்து நிற்கிறவனுடைய மகள் அந்த ஒரு நிமிஷம் ஒளிந்துகொண்டாள். கற்றுக்கொடுத்தவன் யார்?

உன் மாமா நல்ல மனிதர். அவர் பாவம் என்றது உள்ளன்போடுதான். அதனால்தான் தாங்க முடியவில்லை. இனி அவர்களிடம் எதுவும் சொல்லாதே. இப்போது சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று உன்னைத்தான் கேட்பார்கள். கல்யாணத்துக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன். யாராவது கேட்டால் ஓய்வு பெற்றுவிட்டேன் என்கிறேன். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

அன்புடன்,
அப்பா

மே 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் வேண்டாம் என்றீர்கள். நான் சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு மேஜையில், எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். மாமா போனை எடுத்து அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "அவரைப் போய் 'என்னப்பா'ன்னு கேட்டுட்டேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அத்தைதான், "எங்களை அவ்வளவு சின்ன மனுஷங்கன்னு நினைச்சிட்டியாம்மா?" என்றார்.

என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசவில்லை. கடைசியாகச் சொன்னது இதுதான்: "பெத்த அப்பாவையே தெரியாத மாதிரி நின்னவ, நாளைக்கு என்னையும் அப்படித்தானே நிறுத்துவ?" நியாயமான கேள்வி. கல்யாணம் நின்றுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. தேதியைப் பற்றியும் யாரும் பேசவில்லை. எது நடந்தாலும் அது நான் செய்ததற்கு. உங்கள் வேலைக்கு அல்ல. இதை மட்டும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சனிக்கிழமை வருகிறேன். வீட்டுக்கு இல்லை. கோட்டைக்கு. டிக்கெட் வாங்கிக்கொண்டு எல்லோரையும் போல வரிசையில் வருவேன். உங்கள் முன்னால் எவ்வளவு கூட்டம் நின்றாலும் சத்தமாக "அப்பா" என்று கூப்பிடுவேன். காவலுக்கு நிற்கிறவர் பேசக் கூடாது, திரும்பக் கூடாது என்று அங்கே விதி இருக்கலாம். முகத்தை மூடிக்கொண்டும் நீங்கள் நிற்கலாம். உங்கள் இஷ்டம்.

நீங்கள் திரும்பும் வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

உங்கள் மகள்