கை படாத அரை ரூபாய்

ஜூலை 6, சனி
நான்கு நாளாக மழை. எஸ்டேட் லயத்து வீட்டுக் கூரையில் புதிதாக இரண்டு ஒழுக்கு. நாணயப் பெட்டியைக் கட்டிலின் மேல் ஏற்றியாயிற்று. தேயிலைத் தொழிற்சாலையில் இரட்டை ஷிப்டு. முழங்கால் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

வேலைகள்: ஏழு காலணாக்களையும் தரம் பிரிக்க. ஓட்டைக் காசுகளுக்குப் புது உறை. வீட்டுக்காரி சரசுவுக்கு இருமல் மருந்து.

கோட்டயத்து நாணய வியாபாரி போன். அப்பா விட்டுப்போன திருவாங்கூர் வெள்ளி அரை ரூபாயை அடுத்த ஞாயிறு நேரில் பார்க்க வருகிறாராம். "விரல் பட்டிட்டில்லல்லோ சேட்டா?" விரல் எதுவும் படவில்லையே என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றேன். பதினைந்து வருடமாக விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்கிறேன். காசிலுள்ள சங்கின் வரிகள் அத்தனையும் தெளிவு. என் நோட்டில் எக்ஸ்.எஃப்., அதாவது தேய்மானம் மிகச் சொற்பம். விற்றால் முழங்காலை நல்ல டாக்டரிடம் காட்டலாம்.

ஜூலை 8, திங்கள்
தண்ணீர்க் குழாயடியில் அண்ணன். மூன்றாவது வீடுதான், ஆனாலும் பேச்சில்லை. மூன்று வருடம். குடத்தைத் தூக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. தூக்கிக் கொடுக்கலாமென்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

சண்டை இந்த அரை ரூபாயால். பங்கு கேட்கவில்லை அவர். பார்க்க வேண்டுமென்று கை நீட்டினார். வியர்வை பட்டால் வெள்ளியில் கறை விழும், உறையோடு பாருங்கள் என்றேன். "அப்பா காசத் தொட என் கை ஆகாதோ?" என்று எழுந்து போனவர்தான். நான் செய்தது முறைப்படி சரி. அதில் இன்றும் சந்தேகமில்லை. அதுதான் எரிச்சல்.

காலணா ஏழில் ஐந்து தேறாது.

ஜூலை 10, புதன்
அண்ணன் போய்விட்டார். காலையில், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜீப்பிலேயே. எனக்குத் தகவல் வந்தபோது டிரையர் பக்கம் நின்றிருந்தேன்.

வீடு வந்து சேர்வதற்குள் குளிப்பாட்டி, உடுத்தி, நெற்றியில் சந்தனம் அப்பிக் காசும் ஒட்டியாகிவிட்டது. குனிந்து பார்த்தேன். சங்கு. என் அரை ரூபாய்.

சரசுவைத் தனியே கூப்பிட்டேன்.

"நெத்திக்காசுக்கு லயம் பூரா கேட்டாச்சு. ஒருத்தர்ட்டயும் ஒத்தக் காசு கிடையாது. எல்லாரும் போன்ல தட்டுறாக. மதினி நம்ம வாசல்ல வந்து நின்னாக. பெட்டியில கைக்கு வந்தத உறையக் கிழிச்சுக் குடுத்தேன்."

"பாத்துக் குடுக்கப்படாதா?"

"எழவு வீட்டுல கண்ணாடியத் தேடிக்கிட்டு இருக்கவா?"

வீட்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் எடுத்து வந்தேன், மாற்றி ஒட்ட. நெற்றி வரைக்கும் கை போனது. மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈ விரட்டுவதுபோல் வீசிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். கேவலம். இதை எழுதவே கூசுகிறது.

குழியில் இறக்குமுன் காசை எடுத்தது, குழி வெட்டிய மாடசாமி. அது அவருக்குச் சேர வேண்டியது. வழக்கம்.

ஜூலை 12, வெள்ளி
மழை விட்டுவிட்டு. உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கிறது. நேற்றுப் பால் ஊற்றியாயிற்று. இருமல் மருந்து இன்னும் வாங்கவில்லை. வியாபாரிக்கும் எதுவும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு அழுகிறாயா, காசுக்கு அழுகிறாயா என்று சரசு கேட்டுவிடுவாளோ என்று பயம். கேட்கவில்லை. நானே கேட்டுப் பார்த்தேன். புதன்கிழமை காசுக்கு. இன்று காலை குழாயடியில், அண்ணனுக்கு.

ஜூலை 13, சனி
வெயில், ஒரு மணி நேரம். வாசலில் மாடசாமி.

"அண்ணாச்சி, இது செல்லாதாம். டீக்கடையில திருப்பிக் குடுத்துட்டான். நீங்க பழசெல்லாம் சேக்கிற ஆளுல்லா. மாத்திக் குடுங்க."

மாற்ற எடுத்த அந்த ஐந்து ரூபாய் இன்னும் சட்டைப்பையிலேயே கிடந்தது. அதைக் கொடுத்து, இன்னும் தருகிறேன் என்றதற்கு, "போதும், நெத்திக்காசுக்கு என்ன வெல பேசுறது" என்று போய்விட்டார்.

உறை தேடவில்லை. உள்ளங்கையில்தான் வாங்கினேன். சங்கின் வரிகளில் சந்தனம் காய்ந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு பெருவிரல் ரேகை, மாடசாமியுடையதோ மதினியுடையதோ. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டால் சந்தனம் போய்விடும். பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

வியாபாரி போன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறாராம். மறுபடியும் அதே கேள்வி, விரல் பட்டிட்டில்லல்லோ.

"பட்டுட்டு சார். வர வேண்டாம்."

சரசு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். காசு இன்னும் என் கைக்குள். கை நன்றாக வியர்த்திருக்கிறது.